மணிக்கட்டைத் தாண்டாத கை

"எம்மா, செம்மண்குடின்னு ஒரு ஊரு எந்தப் பக்கம் இருக்கு?"

ஆய்வுக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே, தரையில் வரைந்திருந்த மஞ்சள் வட்டத்துக்குள் நின்றபடி திருவேங்கடம் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. பேருந்து நிலையத்தில் வழி கேட்கிற ஆளின் முகம்தான் அவருக்கு.

"கிழக்கே அண்ணாச்சி. எண்பது கிலோமீட்டர் இருக்கும்" என்றாள் ஷீபா.

"அங்கன பதினோரு பேருக்கு நான்தான் உப்புப்படையக் குடுத்தேன்னு போட்டிருக்கு. நான் அந்த ஊரைப் படத்துலகூடப் பாத்ததில்ல. எப்படிக் குடுத்தேன்? அதை மட்டும் சொல்லிருங்க, நான் பாட்டுக்குப் போயிருதேன்."

நியாயமான கேள்வி. நல்லூரணி ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பூஞ்சையும் புழுவும் பார்த்தே கண்ணாடி போட்டவள் அவள். தோல் சுரண்டல், நகத்துணுக்கு, மலம், சளி என்று எதைக் கொண்டுவந்து வைத்தாலும், ஸ்லைடை இரண்டு நகர்த்து நகர்த்திப் பார்த்துவிட்டுப் பேரைச் சொல்லிவிடுவாள். அவளுக்கே இந்த விஷயத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

உப்புப்படை ஒன்றும் பெரிய வியாதி இல்லைதான். தோலில் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளையாகக் கிளம்பும், அரிக்கும், மருந்து போட்டால் போகும். ஆனால் கைக்குழந்தைக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஆளைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அரசாங்கம் பயந்தது அதற்குத்தான். பயந்து, ஆளுயரப் பெட்டி ஒன்றை வாங்கி இந்த ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பெயர் கொடிவழி.

"அந்த மிசினு எப்படித்தான் கண்டுபிடிக்கி?" என்றார் திருவேங்கடம்.

"ஒரு ஆளுகிட்டருந்து இன்னொரு ஆளுக்குத் தாவும்போது பூஞ்சை கொஞ்சூண்டு மாறும் அண்ணாச்சி. அப்பன் மூக்கு பிள்ளைக்கு வரும்லா, ஆனா அச்சு அசலா வராதுல்லா? அந்த மாதிரி. மிசினு அந்த மாத்தத்தையெல்லாம் எண்ணிப் பாத்து, யாருகிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு கொடி போட்டுக் காட்டிரும்."

"அப்ப, ரெண்டு மாசத்துக்கு முன்ன நீங்க சுரண்டி எடுத்த என் நகத்தோட மூக்கு நாப்பத்துமூணு பேருக்கு இருக்குங்குது."

"ஆமா."

"தப்பா இருக்காதோ?"

"இதுவரைக்கும் இருந்ததில்ல அண்ணாச்சி."

மூன்று பேருக்கு மேல் கொடுத்தவர் சட்டப்படி 'மூலநபர்'. ஊர் வாய் சும்மா கிடக்குமா? 'மூலவர்' என்று திருத்திக்கொண்டது. "மூலவர் வாராரு, ஒதுங்குங்கடே" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மூலநபரின் மணிக்கட்டில் தடைக்காப்பு என்று ஒன்றைப் பூட்டிவிடுவார்கள். யாராவது ஒரு கை தூரத்துக்குள் வந்தால் அது வீல் என்று கத்தும். கத்தினால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கும் கேட்கும். அதிலும் திருவேங்கடத்துக்கு என்ன தொழில்? வளையல் போடுவது! நல்லூரணியில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் வந்து உட்காருவார். பெண்பிள்ளைகளின் கையைப் பிடித்துத்தான் சாப்பாடு. அந்த மனுஷனை யாரையும் தொடாதே என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

"வார வெள்ளிக்கிழமை சஹானாவுக்கு வளைகாப்பு" என்றார் அவர். சஹானா அவருடைய ஒரே மகள். "ஏழாம் மாசம் வைக்கதா இருந்தோம். அந்த வாரந்தான் இந்தக் கழுதைய எங்கையில பூட்டுனாவ. இப்ப ஒம்பதாம் மாசம். இனிமே தள்ளிப்போட ஏலாது. ஊருல அத்தனை பிள்ளைகளுக்கும் போட்ட கை, எம்பிள்ளைக்குப் போட வேண்டாமா? குத்தம் எம்மேலன்னா விளங்கும்படியாச் சொல்லுங்க. தூரமா நின்னு பாத்துக்கிடுதேன். இல்லன்னா இதைக் கழத்துங்க."

ஷீபா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போகத் திரும்பினார். பிறகு என்ன தோன்றியதோ, வட்டத்துக்குள்ளேயே நின்று கேட்டார்.

"அந்த நாப்பத்துமூணு பேருக்கும் உடம்புல எங்கன வந்துச்சாம்?"

"கையிலதான்."

"கையில எங்கன?"

ஷீபா பட்டியலை எடுத்து விரலை ஓட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. எல்லா வரியிலும் ஒரே வார்த்தைகள். "முழங்கைக்கு மேல" என்றாள்.

"வளையல்காரன் கை மணிக்கட்டைத் தாண்டாதும்மா. தாண்டுனா செருப்பு பிஞ்சிரும். நான் பொழைக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஷீபாவின் நிம்மதி அன்றைக்குப் போனதுதான். நாற்பத்துமூன்று பேர், நாலு ஊர், எல்லாருக்கும் முழங்கைக்கு மேலே. அதைத்தான் இரண்டு மாதமாக அவள் கையாலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒருநாளாவது உறைத்ததா? இல்லையே!

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக டாக்டர் நல்லபெருமாளிடம் போனாள். ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். நல்ல மனுஷர்தான். ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது, அதனால் எந்தப் புதுச் சங்கடத்தையும் விரும்பாதவர்.

"மிசின் பொய் சொல்லாது ஷீபா."

"மிசின் பொய் சொல்லல சார். நாம குடுத்த மாதிரியில எதாவது கலந்திருந்தா? மேசை சுத்தமில்லாம, குழாய் மாறி..."

"நாலு ஊர்லயுமா மேசை சுத்தமில்ல?"

அதுவும் சரிதான். ஆனாலும் அவள் விடவில்லை. உள்ளூரில் இருந்த நோயாளிகள் ஆறு பேரை மறுபடி வரச்சொன்னாள். புதுப் பிளேடு, புதுக் கையுறை, புது ஸ்லைடு. மேசையை மூன்று தடவை துடைத்தாள். சோதனை சரியாக நடக்கிறதா என்று எப்போதும் முதலில் ஓட்டுகிற கன்ட்ரோலைக்கூட, அதிலிருந்து ஏதும் கலந்துவிடக் கூடாதென்று, அன்றைக்கு ஓட்டவில்லை. ஆறு பேரின் முழங்கைக்கு மேலேயும் அவளே சுரண்டி எடுத்து, அவளே கருவிக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கலப்படமாக இருந்தால் இதில் தெரிந்துவிடும். தெரிந்தால் வளையல்காரர் தப்பித்தார்.

மூன்று மணி நேரம் கழித்துக் கொடி வந்தது. ஆறு பேரும் அதே கொடியில் தொங்கினார்கள். வேரில் அதே பெயர்: திருவேங்கடம், வயது அறுபத்தொன்று.

ஷீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆக, கலப்படம் இல்லை. அந்த ஆறு பேரின் தோலிலும் நிஜமாகவே இருப்பது அவருடைய பூஞ்சைதான். ஊரைத் தாண்டாத மனுஷனின் நகத்தில் இருந்தது எண்பது கிலோமீட்டர் போயிருக்கிறது. போனதுதான் போனது, கண்ணுக்கு முன்னால் இருக்கிற மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இது என்ன கூத்து? அவள் வீட்டுக்குப் போய் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். கணவர் செல்வின் ஒரு வாய் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீரை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்குச் செம்மண்குடி ஆய்வுக்கூடத்திலிருந்து பேச்சியம்மாள் போன் பண்ணினாள். ஷீபாவிடம் வேலை கற்றுக்கொண்டு போனவள், வாயாடி.

"யக்கா, நம்ம ராசாத்தி செத்துப்போச்சு. இந்த வெயிலுக்குத் தாங்கல. பஸ்ஸுல கொஞ்சம் வித்து குடுத்து விடுங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பூஞ்சைச் சோதனை எதுவானாலும், முதலில் நிச்சயமாகப் பூஞ்சை இருக்கிற ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் தெரிந்தால்தான் சோதனை வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுதான் கன்ட்ரோல். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை பனிக்கட்டிப் பெட்டியில் வரவேண்டும். வரும், செத்து வரும். அதனால் எல்லா ஊர்க்காரர்களும் செய்கிற வேலையை ஷீபாவும் செய்தாள். என்றைக்கோ வந்த ஒரு நோயாளியின் மாதிரியில் நன்றாக வளர்ந்த பூஞ்சையைத் தூக்கி எறியாமல் குழாயில் வைத்து, மாதாமாதம் புது ஊட்டத்தில் மாற்றி மாற்றிக் காப்பாற்றிவந்தாள். உறைமோர் மாதிரிதான். பாலாடை நிறத்தில், பஞ்சாகப் பொங்கி, அத்தனை லட்சணமாக வளரும். அதனால் ராசாத்தி என்று பேர். பக்கத்து ஊர்க்காரர்கள் உறைமோர் கேட்டு வருவது போல அவளிடம்தான் வந்து கேட்பார்கள்.

"சரிட்டி, சாயங்காலம் குடுத்து விடுதேன்" என்றாள் ஷீபா.

"அப்படியே குழாயைச் சுத்தி ரப்பர் நாடாவ ரெண்டா வச்சுக் கட்டி விடுங்கக்கா. இங்க ரத்தம் எடுக்கதுக்கு நாடாவே சப்ளை இல்ல. நீங்க ராசாத்தியக் கட்டி அனுப்புத நாடாவ வச்சுத்தான் எங்க பொழைப்பே ஓடுது."

ஷீபாவின் கண் குளிர்பெட்டிக் கதவுக்குப் போனது. குழாய் கட்டுகிற நாடாக்கள் அங்கேதான் தொங்கின.

"யக்கா? லைனு இருக்கா?"

பேருந்தில் குலுங்கும்போது குழாயின் அடைப்பு கழன்றுவிடக் கூடாதே என்று அவள்தான் ரத்தம் எடுக்கிற ரப்பர் நாடாவை எடுத்துக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி அனுப்புவாள். வருஷக்கணக்காக அப்படித்தான். நல்ல நாடாவை யார் தூக்கி எறிவார்கள்? இல்லாதப்பட்ட ஆய்வுக்கூடத்தில் அது மகாபாவம். ரத்தம் எடுக்கும்போது அந்த நாடாவை எங்கே கட்டுவார்கள்? முழங்கைக்கு மேலே.

"பேச்சி" என்றாள் ஷீபா. "உங்க ஊருல உப்புப்படை வந்த பதினோரு பேரும் அதுக்கு முன்ன உங்ககிட்ட ரத்தம் குடுத்திருக்காவளான்னு பாரு. இப்பவே பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

ஏடு புரளும் சத்தம் கேட்டது. "பதினோரு பேரும் சுகர் பாக்க வந்தவுகதான்க்கா. ஏன்க்கா, என்னாச்சு?"

"உங்கிட்ட இருக்க நாடா அத்தனையையும் இப்பவே எரி. ஒண்ணுகூட வைக்காத. எரிச்சிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பு."

மற்ற இரண்டு ஊருக்கும் அதே போன், அதே பதில். நல்லூரணியில் அவளுடைய கூடத்திலேயே குளிர்பெட்டிக் கதவில் தொங்கிய ஏழு நாடாக்களை எடுத்துப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினாள். கரும்புகை கண்ணைக் கரித்தது. அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கல்ச்சர் நோட்டை எடுத்தாள். ராசாத்தி எங்கிருந்து வந்தாள் என்று பன்னிரண்டு வருஷமாக அவள் யோசித்ததே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது, பூஞ்சைதானே? முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'தி.வே., வளையல் வியாபாரம், இடது கட்டைவிரல் நகம். அருமையான வளர்ச்சி. வைத்துக்கொள்ளலாம்.'

புதன்கிழமை ராசாத்தியைக் கருவியில் ஓட்டினாள். கன்ட்ரோலாக அல்ல. கன்ட்ரோலையும் ஆய்வுக்கூட ஊழியர்களையும் கொடியில் சேர்க்காதபடிதான் கருவியைச் செய்தவர்கள் வைத்திருந்தார்கள். வீண் குழப்பம் வருமாம்! அதனால் நோயாளி என்று போட்டாள். பெயர் கேட்டது: ராசாத்தி. வயது கேட்டது: பன்னிரண்டு. பால் கேட்டது: பெண். கொடி வந்தது. திருவேங்கடத்திலிருந்து ஒரே ஒரு கோடு ராசாத்திக்கு. ராசாத்தியிலிருந்து நாற்பத்துமூன்று கோடுகள்.

டாக்டர் நல்லபெருமாள் திரையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்தப் பன்னெண்டு வயசுப் பிள்ளை? அதை உடனே தேடிப் பிடிக்கணுமே" என்றார்.

"நம்ம குளிர்பெட்டியில இருக்கா சார்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவருகிட்ட இருந்தப்ப இது ஒண்ணும் பண்ணலியே ஷீபா. ஆயிரம் பொம்பளைங்க கையைப் பிடிச்சிருக்காரு. ஒருத்தருக்கும் வரலியே."

"அவரு நகத்துல அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு சார். நாந்தான் எழுப்பி, மாசாமாசம் எது நல்லாப் பொங்கி வளந்திருக்கோ அதைப் பொறுக்கிப் பொறுக்கி வளத்தேன். பன்னெண்டு வருசம். முரட்டு வித்தா ஆக்கினது நாந்தான்."

அவர் தலைமையகத்துக்குப் போன் பண்ணினார். அரை மணி நேரம் பேசினார். பாவம், உண்மையை மறைக்காமல்தான் பேசினார். போனை வைத்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"மனுஷரில்லாத ஒண்ணை மூலம்னு போட படிவத்துல இடம் இல்லியாம். அடையாள எண் இல்லாததால ராசாத்தி பேருல ஓட்டினது இருபத்துநாலு மணி நேரத்துல தானா அழிஞ்சிரும். கமிட்டி போடுவாங்களாம். ஆறு வாரம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை வளைகாப்பு சார்."

"நான் என்ன செய்ய? நாடாவை எரிச்சாச்சு. இனி யாருக்கும் வராது. அதுதானே முக்கியம்? ஆறு வாரம்தான். அவரு பொறுத்துக்கிடுவாரு."

"ரெண்டு மாசம் பொறுத்திருக்காரு சார். செய்யாத ஒண்ணுக்கு."

"அவரை எடுத்தா அந்த இடத்துல யாரையாவது வைக்கணும். வேர் இல்லாம கொடியை மிசின் ஏத்துக்காது. யாரை வைக்கட்டும்? சொல்லுங்க."

வெளியே வராந்தாவில் யாரோ டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிட்டார்கள்.

"என்னைய வைங்க" என்றாள்.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு உப்புப்படை இருக்கா?"

"இல்ல. நேத்தே தலையிலருந்து கால்வரைக்கும் பாத்துட்டேன். எட்டு இடத்துல சுரண்டிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"பிறகு எப்படி?"

"ராசாத்தியோட குழாயில எம்பேரை ஒட்டுதேன் சார். என் அடையாள எண்ணைப் போடுதேன்."

"பொய் ரிப்போர்ட்டு."

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு ரிப்போர்ட்டுலகூட ஒரு எழுத்து மாத்தினதில்ல நான். அது உங்களுக்கே தெரியும். இது ஒண்ணு." திரையைக் காட்டினாள். "யாரு குடுத்தாங்கன்னுதானே மிசின் கேக்குது? நாந்தானே சார் குடுத்தேன்?"

அவர் எழுந்து விசைப்பலகையை அவளிடம் விட்டார். ஆனால் ஒரு தடங்கல் இருந்தது. அவளுடைய எண்ணைத் தட்டியவுடன் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'ஊழியர் மாதிரி. புறக்கணிக்கப்பட்டது.' மறுபடி தட்டினாலும் அதேதான். இந்தக் கருவியைப் பொறுத்தவரை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நோய் வராது, அவர்கள் நோய் கொடுக்கவும் மாட்டார்கள். எவ்வளவு நம்பிக்கை!

வியாழக்கிழமை காலையில் ஷீபா வேலையை விட்டாள். வெள்ளைத்தாளில் நாலே வரி. டாக்டர் நல்லபெருமாள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டு ரொம்ப நேரம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். போட்டார். ஊழியர் பட்டியலிலிருந்து அவளுடைய எண்ணை அவரே நீக்கினார். பிறகு அவள் வெளியே போய், வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, பதினேழாவது நோயாளியாக உள்ளே வந்தாள். டாக்டரே குழாயை வாங்கிக் கருவிக்குள் வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எஸ்தர் ஷீபா, வயது நாற்பத்துநான்கு. நாற்பத்துமூன்று கோடுகள். திருவேங்கடத்தின் பெயரிலிருந்து ஒரே ஒரு கோடு. மூன்றுக்குக் கீழே என்பதால் பிற்பகல் இரண்டு மணிக்கு அவருடைய காப்பு தானாகத் திறந்துகொண்டது. மூன்று மணிக்கு ஷீபாவுக்குப் பூட்டினார்கள். ஆறு மாதத்துக்கு.

அன்று மாலையே ஊர் முழுக்கச் செய்தி. "பரிசோதிக்கிறவளுக்கே படையாம்! பொத்தி வச்சுக்கிட்டுப் பாவம் அந்த மனுஷன் தலையில கட்டியிருக்கா" என்று பேசினார்கள். செல்வினால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஷீபாவுக்கு வலித்தது. பேசட்டும் என்று விட்டுவிட முடிகிற ஆள் இல்லை அவள். இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். செல்வின் வேலைக்குப் போயிருந்தார். வீட்டு வெளிக்கதவுக்கு முன்னால் திருவேங்கடம் வந்து நின்றார். தோளில் வளையல் பெட்டி. காப்பு இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையமாகத் தெரிந்தது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் அவர் தெருவிலேயே நின்றார். பழக்கம்.

"நீங்கதான்னு சொன்னாவ" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

பிறகு ஷீபா அவரிடம் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய நகத்தில் எடுத்தது, அதை வைத்துக்கொண்டது, வளர்த்தது, ஊர் ஊராக அனுப்பியது, ரப்பர் நாடா, எல்லாம். குழாயில் தன் பெயரை ஒட்டியதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவர் ஒரு நாள் எங்காவது சொல்லிவிடுவார். சொன்னால் ரிப்போர்ட் செல்லாது. செல்லாவிட்டால் வேரில் திரும்ப அவர் பெயர்தான் வரும்.

திருவேங்கடம் தன் இடது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுக்காணு நகத்துல உள்ளதா?"

"ஆமா."

"பன்னெண்டு வருசமா வச்சிருந்தியளா? பேரெல்லாம் வச்சு?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பனே. நகத்து அழுக்கு, அதைப் போயி வேண்டாம்னா சொல்லப்போறேன்? கேக்கலியேம்மா." அவர் விரலை மடக்கிக்கொண்டார். "எனக்குக் கோவம் இருக்கு. நிறைய இருக்கு. ரெண்டு மாசம் எம்பொஞ்சாதி தட்டைத் தரையில வச்சுத் தள்ளிவிட்டா. அவ மேல தப்பில்ல. ஆனா அதை நான் மறக்க முடியாதுல்லா?"

"மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அவர் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நேத்து வளைகாப்பு?" என்று ஷீபா மெல்லக் கேட்டாள்.

"நடந்துச்சு. எம்பிள்ளை ரெண்டு கையையும் நீட்டுனா. நிறையப் போட்டேன். அழுதா, நானும் அழுதேன். அது நல்லாத்தான் இருந்துச்சு." வெளுத்த மணிக்கட்டைத் தடவினார். "பிள்ளைக்குப் போட்ட பொறவு வந்திருக்க பொம்பளையளுக்கெல்லாம் போடணும்லா. இருபத்தேழு பேரு உக்காந்திருந்தாவ. நான் பெட்டியத் தூக்கிட்டு ஒவ்வொருத்தர் முன்னாலயும் போனேன். ஒரு கை வெளிய வரல. எல்லாரும் முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டாவ. இப்பத்தானே போட்டேன், இருக்கட்டும் அண்ணாச்சிங்காவ. எங்க அக்கா மக, அவளுக்கு நாலு வயசுலருந்து நாந்தான் போடுதேன், அவகூட. காப்பு கழண்டிருச்சும்மா, மிசினே சொல்லிருச்சும்மான்னு சொல்லிப் பாத்தேன்."

ரிப்போர்ட்டைத் திருத்தினால் எல்லாம் திரும்பிவிடும் என்று ஷீபா நினைத்திருந்தாள்.

"வளைகாப்புக்கு எடுத்த வளையலைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டுபோறது எங்க தொழில்ல ஆகாது" என்றார் அவர். சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே வந்தார்.

"வராதீங்க அண்ணாச்சி, கத்தும்!"

கத்தியது. அவர் படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தபோது காது கிழிகிற மாதிரிக் கத்தியது. எதிர் வீட்டுச் சன்னல் திறந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"கையை நீட்டுங்க."

"இது ஒட்டும் அண்ணாச்சி. உங்களுக்கு இப்பத்தான்..."

"எங்கிட்டருந்து ஒட்டும்னு சொல்லித்தானே ரெண்டு மாசம் ஒருத்தரும் கிட்ட வரல? அது எப்படி இருக்கும்னு இந்த ஊருல எனக்கு மட்டுந்தான் தெரியும். உங்களைப் பாத்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது, ஆனாலும் அதை நீங்களும் படட்டும்னு விட எனக்கு மனசு வரல. நீட்டுங்க."

"வீட்டுல சஹானா இருக்காளே."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன். ஒரு வாரம் மக பக்கத்துல போவாம வெளிரூம்புல படுத்துக்கிடுதேன். ரெண்டு மாசம் இருந்தாச்சு, ஒரு வாரம் என்ன?"

ஒரு வாரம் தேவையில்லை. ஒரு நாள்கூடத் தேவையில்லை. அவள் தோலில் எட்டு இடத்திலும் ஒன்றும் இல்லை. இந்த மனுஷன் நேரே வீட்டுக்குப் போய் மகளின் தலையைத் தடவலாம். அதைச் சொல்ல ஒரு நொடி போதும், வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் காப்பு அவர் கைக்குத் திரும்பிவிடும்.

அவள் வலது கையை நீட்டினாள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வளையல் கூடாது என்பதால் இருபத்திரண்டு வருஷமாக மொட்டையாகக் கிடந்த கை. அவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி, நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து, விரல் மொளியைப் பதமாக அமுக்கி ஒரு பச்சை வளையலை ஏற்றினார். காப்பு விடாமல் கத்தியது. எதிர் வீட்டுப் பெண் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வளையல் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் இன்னொன்றை எடுத்தார்.

அதை ஏற்றுமுன் அவர் தன் விரல்களை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பேரப்பிள்ளை வரப்போகிற வீட்டுக்காரர், பயம் இல்லாமல் இருக்குமா? பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத் தவித்து, சொல்லாமல், ஷீபா அடுத்த கையையும் நீட்டினாள்.